பதினேழாம் குழாய்

சிவப்பு விளக்கு எரிந்தால் எலிகளுக்கு இரவு.
வெளியே தார்த்து நகரத்தில் காலை பதினொரு மணி,
மைனஸ் பத்தொன்பது.
எமாயோகி உறைந்து கிடக்கிறது.
அந்தப் பெயருக்கு அவர்கள் மொழியில்
தாயாறு என்று பொருள்.
குல்லிக்கி அதன்மேல் குறுக்காக நடந்துதான்
இன்றைக்கும் வேலைக்கு வந்தாள்.

ஈன்று ஐந்தாம் நாள்.
குட்டிகளை எண்ணி எடுத்து
வெதுவெதுப்பான தட்டில் விடவேண்டும்.
கண் திறக்காத, ரோமம் முளைக்காத
விரற்கடை உயிர்கள்.
ஒன்றன்மேல் ஒன்று ஏறி
அங்கே இல்லாத மடியை முட்டும்
நான்கு மணி நேரம்.
தாய்க்குப் பால் கட்டட்டும் என்றுதான் இது.
செய்முறைத்தாள் அப்படிச் சொல்லாது.
‘சேகரக் காலம்’ என்று எழுதியிருக்கிறது.

பிறகு மெலிதாக ஒரு மயக்கம்.
தோலுக்கடியில் ஆக்சிடோசின்.
அந்த ஊசி உடம்பிடம் போய்ச் சொல்கிறது:
வந்துவிட்டார்கள், வாய் வைத்துவிட்டார்கள்.
சுத்தப் பொய்.
உடம்பு ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டதில்லை,
சுரந்துவிடும்.

கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் போதும்.
அடியிலிருந்து நுனிக்கு,
திராட்சைத் தோலைக் கிழிக்காமல் அழுத்துவதுபோல.
முதல் துளியைத் துடைத்துவிடு.
முன்பால் நீர்த்திருக்கும், பின்பால் கொழுத்திருக்கும்.
ஒரே காம்பை நம்பினால் ஒரே பேச்சுதான் கேட்கும்;
பன்னிரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் கேள்.
மயிரிழைக் கண்ணாடிக் குழாயின் வாயைத்
துளியில் தொட்டால்
பால் தானே மேலேறும்.
யாரும் உறிஞ்சாமல்.

சுழலியில் ஐந்து நிமிடம்.
கீழே தெளிவு, மேலே ஏடு.
ஏட்டின் உயரத்தை அளவுகோலால் படிக்கிறாள்.
படிப்பதால்தானோ என்னவோ
அதற்கு அந்தப் பெயர்.

பதினேழாம் கூண்டு, புரதம் குறைத்த தீவனம்.
மற்றவை குழாய் நிறையத் தந்தன.
இது தந்தது
ஒரு எறும்பு கடக்கும் தூரம்.

எய்னார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.
‘பார்த்தாயா, ஊட்டம் குறைந்தால் பால் குறைகிறது!’
இரண்டு மாதமாக அவன் வரைபடம்
வளைய மறுத்துக்கொண்டிருந்தது.

அவள் தட்டை மறுபடி எண்ணினாள்.
பதினொன்று.
ஏட்டில் பன்னிரண்டு என்று
அவள் கையெழுத்திலேயே இருக்கிறது.

கூண்டுக்குப் போய்
கந்தலாக்கிய காகிதக் கூட்டை விலக்கினாள்.
அடியில் கிடந்தது பன்னிரண்டாவது.
வயிற்றுத் தோலின் வழியே
வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது பால்.
நான்கு மணி நேரமும்
மொத்த மடியும் அதனுடையது.
அளவு அறியாமல் குடித்து
அளக்க வந்தவளுக்கு முன்னால்
வாய் திறந்து தூங்குகிறது.

‘பதினேழை அடித்துவிடு’ என்றான் எய்னார்,
பழையபடி உட்கார்ந்து.

அடித்தாள்.
‘காரணம்’ என்ற கட்டத்தில்
‘குட்டி முந்திக்கொண்டது’ என்று எழுதினாள்.
அது அறிவியல் மொழி இல்லை என்றான்.
சரி என்றாள், மாற்றவில்லை.

இன்னொன்றும் அவள் சொல்லியிருக்கலாம்.
குறைத்துப் போட்ட தாய்களின் பால்
நிறையத் தின்றவற்றின் பாலைப்போலத்தான் இருந்தது,
ஏடும் அதே உயரம்.
ஆனால் தூக்கி எடுக்கும்போது
கைக்கு வித்தியாசம் தெரிந்தது.
முப்பத்தொரு கிராம், முப்பத்துநான்கு கிராம்
குறைந்திருந்தன தாய்கள்.
படிவத்தில் பாலுக்கு ஒன்பது கட்டம்,
தாயின் எடைக்கு ஒன்றும் கிடையாது.
அவள் ஓரத்தில்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்,
யாராவது தாளைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

பதினொன்றையும் திரும்ப விட்டாள்.
தாய் மயக்கம் தெளிந்து தள்ளாடி
ஒவ்வொன்றையும் நக்கிப் பார்த்தது.
பன்னிரண்டாவதுதான்
இப்போதும் முதலில் போய்ச் சேர்ந்தது.

அடித்துவிட்ட குழாயைக் கழிவுப் பெட்டியில் போடவேண்டும்.
குல்லிக்கி அதை மைனஸ் எண்பதில்,
ஆற்றைவிடக் குளிர்ந்த அந்த இருட்டில்,
பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே நிறுத்தினாள்.
எய்னார் கேட்டால்
இடம் இருந்தது என்பாள்.